இல்லாத கட்டுரையாகக் கருதப்படும்

மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்துக்குத் தேடல் மென்பொருள் வந்த அன்று இயக்குநரே ரிப்பன் வெட்டினார். உலகத்தில் வெளியான மருத்துவக் கட்டுரைகள் அத்தனையையும் அது படித்துவிட்டதாம். பதினெட்டு வருஷமாக அங்கே குப்பை கொட்டிய நூலகர் அம்மாள் இரண்டு அலமாரியைத்தான் முழுசாகப் படித்திருந்தாள். கைதட்டும்போது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘இனி மென்பொருள் கண்டெடுக்காத கட்டுரை, இல்லாத கட்டுரையாகவே கருதப்படும்.’

மூன்றாம் வாரம் வார்டு டாக்டர் மூச்சிரைக்க வந்தார். மூட்டுவலி மாத்திரை சாப்பிட்ட பஸ் டிரைவர் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிக்கொண்டே போகிறது. மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா?

மென்பொருளில் தட்டிப் பார்த்தார். “தொண்ணூறாயிரம் கட்டுரை வருதும்மா.”

“ஒரு வரியில சுருக்கித் தரச் சொல்லுங்க.”

அது சுருக்கியது: ‘மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம். பாதிக்காமலும் இருக்கலாம். மேலும் ஆராய்ச்சி தேவை.’

அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இதே மாதிரி ஒரு கேஸ் நான் படிச்சிருக்கேன் டாக்டர். ஜன்னலோர அலமாரி, பச்சை பைண்டு.”

“எடுத்துக் குடுங்க.”

“அது இப்ப இல்லையே.”

“யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

“அலமாரியிலதான் இருக்கு. சுற்றறிக்கைப்படி இல்லை.”

இருவரும் இயக்குநரிடம் ஓடினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். “படிவம் கொடுங்க. குழு கூடி, ஸ்கேன் பண்ணி, மென்பொருள்ல ஏத்துவோம். அது கண்டெடுத்ததும் தாராளமா படிங்க. ரெண்டே மாசம்.”

“அதுவரைக்கும் அந்த டிரைவர், சார்?”

இயக்குநர் யோசித்தார். “அவர் மென்பொருள்ல இருக்காரா?”

திரும்பி வந்த அம்மாள் அலமாரியைத் திறந்து வைத்தாள். “நான் டீ குடிக்கப் போறேன் டாக்டர். வர அரைமணி ஆகும்.”

டாக்டர் பச்சை பைண்டை எடுத்து நின்றபடியே படித்து முடித்தார். அன்றே மாத்திரையை நிறுத்தினார். பத்து நாளில் டிரைவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நோயாளியின் கோப்பில் ‘தகவல் கிடைத்த வழி’ என்றொரு கட்டம்; அதில் தேர்வு செய்ய ‘மென்பொருள்’ என்ற ஒரே பதில்தான் இருந்தது. டாக்டர் அதை அழுத்தினார். இயக்குநர் பூரித்துப்போய், மென்பொருள் ஓர் உயிரைக் காத்த விதம் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். டாக்டர் பெயர் இரண்டாவது. அம்மாள் பெயர் நான்காவது.

“இது பொய்யில்லையா டாக்டர்?”

“பொய்தாம்மா. எனக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறையுது.”

அம்மாள் நான்காவது பெயரை இன்னொரு தரம் படித்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அடுக்கி வைத்த எந்த இதழிலும் அவள் பெயர் வந்ததில்லை.

கட்டுரை அச்சான மறுநாளே மென்பொருள் அதையும் படித்துவிட்டது. இப்போது ஈரல் என்று தட்டினாலும், பல்வலி என்று தட்டினாலும், முதலில் அதுதான் வந்து நிற்கிறது. என்ன சிகிச்சை தரலாம் என்று கேட்டால் ஒரே வரியில் பதில்: ‘மென்பொருளைப் பயன்படுத்தவும்.’

அவசரமாக ஓடிவருகிற டாக்டர்களுக்கு அம்மாள் அந்தக் கட்டுரையைத்தான் அச்செடுத்துக் கொடுக்கிறாள், நான்காவது பெயருக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு போட்டு.