ஆப்ஜெக்ட் மாமாவும் இரண்டு பிள்ளைகளும்

மயிலாப்பூரில் மனிதர்களை மனிதர்களாகப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் ஆப்ஜெக்ட் மாமாதான்.

அடையாறில் ஒரு கம்பெனியில் அவர் மென்பொருள் வடிவமைப்பாளர். நூறு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில், ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் வேலை செய்யத் திட்டம் போடுவார். அந்த உலகத்தில் எல்லாமே ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றும் தன் விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, மற்றதோடு மெசேஜ் மூலம் மட்டுமே பேச வேண்டும். ஆபீசில் இது சரி. மாமா இதை நாங்கள் எல்லோரும் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கும் கொண்டுவந்தார்.

தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, சமையலறையில் இருக்கும் மாமிக்கு 'காபி' என்று மெசேஜ் அனுப்புவார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்; அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் நல்ல டிசைனாம். மாமியும் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க காபி வரிசையில நிக்கறது. முன்னாடி குக்கர் இருக்கு, பால்காரன் இருக்கான், எங்க அக்கா போன்ல இருக்கா," என்பார்.

ஒருமுறை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தண்ணீர் மோட்டாரைப் போட்டதில் தொட்டி வழிந்தது. மாமா உடனே சட்டம் போட்டார். மோட்டார் அறைச் சாவி, மொட்டை மாடிச் சாவி இரண்டும் கையில் இருப்பவர்தான் மோட்டாரைத் தொடலாம். கையில் வந்த சாவியை வேலை முடியாமல் விடக்கூடாது. மறுநாள் காலை மோட்டார் சாவி என்னிடம், மாடிச் சாவி ஃபிளாட் சங்கச் செகரட்டரியிடம். அவர் தருவார் என்று நான், நான் தருவேன் என்று அவர். பத்து மணிவரை பன்னிரண்டு வீட்டிலும் குழாய் காற்று விட்டது. மாமா தலையில் சோப்பு நுரையோடு படியிறங்கி வந்தார்.

"டெட்லாக்," என்றார், தரிசனம் கிடைத்தவர் போல. "முப்பது வருஷமா புஸ்தகத்துல வரைஞ்சு காட்டிண்டிருக்கேன். கண்ணால பாத்தது இன்னிக்குத்தான்."

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஒரே பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டே பேர். என் மகள் நிலா, மூன்றாவது மாடி வசந்தாவின் மகன் கவின். இருவருக்கும் எட்டு வயது. ஆட்டோக்கார தாஸ்தான் கூட்டிவருவார். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லாம் ஒரே ஆளை நம்பி இருப்பது ஆபத்து என்று தாஸை நிறுத்த வைத்தார்.

"இன்னா சார், ஒரு நாளாவது லேட்டா இட்டாந்திருக்கேனா?" என்றார் தாஸ்.

"நீ ஒழுங்காத்தான் வரே. ஒருத்தனா வரியே, அதான் பிரச்னை."

"ரெண்டு பேரா வர்றதுக்கு நான் எங்க சார் போவேன்?"

புதிய ஏற்பாடு இதுதான்: நானோ வசந்தாவோ, அன்று பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிறவர் வாட்ஸ்அப் குரூப்பில் 'நான் போறேன்' என்று போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால், இருவரும் வாபஸ் வாங்கி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி போட வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு பக்க விதிமுறை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் வசந்தாவும் ஒன்றாகப் போட்டோம். இருவரும் வாபஸ். சரியாக ஒரு நிமிடம் கழித்து இருவரும் மறுபடி போட்டோம். மறுபடி வாபஸ். இருவருமே பள்ளியில் ஒழுங்குக்குப் பரிசு வாங்கியவர்கள். நான்காவது முறை, நாம் சும்மா இருந்தால் அவள் போய்விடுவாள் என்று சும்மா இருந்தேன். அவளும் அதையே நினைத்தாள்.

பள்ளி விடுவது மூன்றரைக்கு. நாலேகாலுக்குத் தள்ளுவண்டியில் வெண்டைக்காய் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தாவைப் பார்த்தேன்.

"நிலா எங்க வசந்தா?"

"என்னக்கா, நீங்கதானே போனீங்க?"

அதற்குப் பிறகு ஓடியதில் செருப்பு எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. பள்ளி கேட் பூட்டியிருந்தது. "பசங்கல்லாம் அப்பவே போய்ட்டாங்கம்மா," என்றார் வாட்ச்மேன். கேட்டைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா!"

எதிரே ஜூஸ் கடை. உதட்டில் ரோஸ் மில்க் மீசையோடு நிலா, பக்கத்தில் கவின். இருவரின் பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு மாமா.

"ஏன் மாமா ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்று கத்தினேன்.

"சிஸ்டம் தானா சரியாயிடும்னு காத்துண்டிருந்தேன்," என்றார். அடிக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு தெரிந்தது. பிடுங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நிலா, கவின், எதிரே டிக். ஏற்பாடு தொடங்கிய முதல் நாளிலிருந்து ஒரு நாள் விடுபடவில்லை. தினமும் ஆபீசில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு, அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பிள்ளைகள் பத்திரமாகக் கிளம்புகிறவரை இந்தக் கடையோரம் நின்றிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோம்மா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "டிசைனுக்கே அவமானம்."

மறுநாளே தாஸ் திரும்பி வந்துவிட்டார். மாமாவும் மாமியும் இப்போது திருவான்மியூரில். மூன்றரை மணி ஆனால் இன்னும் நான் வாசலுக்கு வந்து ஆட்டோவை எதிர்பார்த்து நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, வெயிலில் அந்தக் கடையோரம் கேட்டையே பார்த்தபடி நிற்கும் மாமாவை நினைத்துக்கொள்வேன். பயம் கொஞ்சம் அடங்கும்.