ஏரம்பர் சொன்ன குறைகள்

வவுனியாப் பட்டணத்துக்கு ஒதுக்குப்புறமாக ஏரம்பருக்கு ஒரு வீடும் வளவும் இருந்தன. பேச்சுக்குத்தான் ஏரம்பருக்கு, காணி உறுதிப் பத்திரத்திலே மனைவி இராசமலருக்கு, சீதனமாக.

மூன்று வருசமாக இராசமலர் கேட்டது ஒன்றே ஒன்று.

"குசினிக் கூரையைத் திருத்துங்கோவன்."

"அதுக்கென்ன குறை? அடுப்படியிலை நிண்டே சூரிய நமஸ்காரம் செய்யலாம்!"

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, உந்த வீட்டை வித்துப்போட்டு நெடுங்கேணிக்குப் போவம். அண்ணன்ர வளவுக்குப் பக்கத்திலை காணி கிடக்காம்."

ஏரம்பர் புட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். மச்சான் அப்புத்துரை கோழிக்கு முந்தி எழும்பி வயலுக்குப் போகிற மனுசன். தனியாகப் போகமாட்டான். விருந்துக்கு வந்தவன் கையிலும் மண்வெட்டியைத் திணிப்பான்.

"வீட்டைப் பாக்க ஆரும் வருகினமோ?"

"ஓம், நாளைக்கு மீராசாகிபு எண்டு ஒருத்தர். முல்லைத்தீவு ஆள். எல்லாத்தையும் வடிவாக் காட்டுங்கோ."

ஏரம்பர் சாமிப்படத்துக்கு முன்னால் சபதம் எடுத்தார். உயிர் போனாலும் வீடு போகாது.

மறுநாள் மீராசாகிபு சைக்கிளிலிருந்து இறங்குமுன்பே ஏரம்பர் வாசல் படலையில் நின்றார்.

"மீராசாகிபு நானா, உங்களைப் பாத்தால் நல்ல மனுசனாக் கிடக்கு. அதாலை உண்மையைச் சொல்லுறன். மழை வந்தால் நாங்கள் முற்றத்துக்குத்தான் ஓடுறனாங்கள். வீட்டுக்குள்ளைதான் கூட நனையும்."

மீராசாகிபு கொப்பியை எடுத்து எழுதினார்.

"கிணறு?"

"கிணறோ! சேத்துக் கிடங்கு. வாளியை விட்டால் தவளைதான் வரும்."

எழுதினார்.

"வேலி?"

"யானையைக் கண்டால் கும்பிட்டு விழும். யானையையும் பொறுக்கலாம் நானா, பக்கத்து வீட்டுக் கமலாசனியைப் பொறுக்கேலாது. அவவின்ர வாய் வேலி ஓட்டைக்குள்ளாலை வந்து எங்கட கறிக்கு உப்புப் பாக்கும்."

வேலிக்கு அங்கால் யாருடைய கையிலிருந்தோ செம்பு ஒன்று ணங்கென்று விழுந்தது. மீராசாகிபு அதையும் எழுதினார்.

"அப்ப மதில்தான் கட்டவேணும்."

ஏரம்பருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தியளோ! வேண்டாமெண்டு என்ர மனுசியிட்டைச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ."

"ஏன் வேண்டாம்? குசினிக் கூரை மட்டுமெண்டு நினைச்சு வந்தனான். அல்லாவே, ஒரு மாச வேலை கிடக்கு!"

"என்ன வேலை? நீங்கள் வீடு வாங்க வந்த ஆளில்லையோ?"

"நான் வீடு திருத்த வந்த மேசனல்லோ!"

இராசமலர் தேத்தண்ணியோடு வந்தாள். "எல்லாம் எழுதியாச்சோ நானா? நான் சொன்னால் குறையே இல்லையெண்டு நிப்பார். இது அவரே தன்ர வாயாலை சொன்னது."

"இஞ்சேர், அப்ப வீட்டை விக்கிறது?" ஏரம்பர் கேட்டார்.

"இவ்வளவு குறையோடை வேறை ஆக்களின்ர தலையிலை கட்டுறது பாவமப்பா. திருத்திப்போட்டு நாங்களே இருப்பம்."

மீராசாகிபு பென்சிலைக் காதில் செருகினார். "முதல் கிணறு. சேறு அள்ள ஆள் பிடிக்கவேணும் தங்கச்சி."

"ஆள் என்னத்துக்கு நானா? இவர் நிக்கிறார்தானே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரம்பர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். பாதி வழியில் கயிறு ஒருதரம் ஆடியது. அண்ணாந்து பார்த்தார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவள் கமலாசனி.