மாசி மகத்தன்று தூண்டில் போடப் போன பதினோரு பேர்

அண்ணாமலை நகர்,
3-3-2010

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் சடையப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் தில்லைநாதன் பணிவோடு எழுதும் மடல். இங்கு நானும், திங்கட்கிழமை நானே வைத்த ரசமும் ஒருமாதிரி நலமாக இருக்கிறோம். குறிஞ்சிப்பாடியில் தாங்கள், அக்கா ஞானாம்பாள், மாடு கன்றுகள், மற்றும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து அங்கே வந்து தங்கியிருக்கும் என் மனைவி கலைமணி ஆகிய எல்லாருடைய நலத்தையும், முக்கியமாகக் கடைசியில் சொன்னவருடைய நலத்தையும் அறியக் காத்திருக்கிறேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்த தங்கள் காலில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா?

போனிலேயே விசாரித்திருப்பேன். பதினேழு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி அடித்ததும் தாங்கள் கட் பண்ணுகிறீர்கள். கலைமணியின் செல்லோ ஸ்விட்ச் ஆஃப். கடிதத்தைக் கட் பண்ண முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கிழிக்க முடியும். முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், கலைமணியை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அவள் தங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகப் தங்கள் பக்கத்து வீட்டு சின்னம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகையால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என் மேல் தப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தப்பு எப்படி வந்தது என்று கேட்டால் தாங்களே, பாவம் மனுஷன், என்பீர்கள்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு நான் கம்ப்யூட்டர் வாங்கியதும், பெண் சத்யப்பிரியா பெங்களூர் போகும் முன் அதில் எனக்குக் 'கரைத்தூண்டில்' என்ற இணைய மன்றத்தில் பெயர் பதிந்து கொடுத்ததும் தங்களுக்குத் தெரியும். கடற்கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. அங்கே என் பெயர், பெரிய மீனான கொடுவாவின் பேரில், 'கொடுவா மன்னன்'. நான்கு வருஷத்தில் மூவாயிரத்து நானூறு பதிவு போட்டிருக்கிறேன். எந்தக் காற்றுக்கு என்ன இரை, எந்த அலைக்கு எத்தனை ஈயக்குண்டு என்று சிங்கப்பூரிலிருந்தெல்லாம் என்னைக் கேட்பார்கள். ஞாயிறு தோறும் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போய் நான் இதுவரை பிடித்தது இரண்டு கெளுத்தி, ஒரு ஒற்றைச் செருப்பு. அதை அங்கே நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

தை பிறந்ததும், நாம எல்லாரும் ஒரு தடவை நேரில் கூடினால் என்ன என்று நான்தான் கிளப்பிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்! இடம் கடலூர் தேவனாம்பட்டினம் என்று முடிவாக ஒரு வாரம். பனியன் எந்த நிறம் என்பதற்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு பதில்கள், அதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு மன்றத்தை விட்டே போய், மஞ்சள் என்று முடிவானதும் திரும்பி வந்தார்கள். மதியம் பிடித்த மீனையே குழம்பு வைப்போம் என்று எல்லாரும் எழுத, என் யோக்கியதை எனக்குத் தெரியுமாதலால், எதற்கும் இருக்கட்டும் என்று இருபது பொட்டலம் எலுமிச்சை சோற்றுக்கு ரகசியமாகச் சொல்லி வைத்தேன். தேதிக்கு ஓட்டெடுப்பு நடத்தினேன். பௌர்ணமியன்றுதான் தண்ணீர் நன்றாக ஏறும், மீன் கரைக்கு வரும் என்று இணையத்தில் கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்து, பிப்ரவரி இருபத்தெட்டு, பௌர்ணமி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்று நானே கண்டுபிடித்துப் போட்டேன். முப்பத்தொரு பேர் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை மச்சான், உள்ளதைச் சொல்கிறேன்.

மாசி மாதத்துப் பௌர்ணமி என்றால் மாசி மகமாயிற்றே என்று தாங்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலூரில் லாட்ஜுக்குப் போன் போட்டால், "அன்னிக்கா? ஒரு ரூம் கெடையாது சார், ஆறு மாசம் முன்னாடியே ஃபுல்லு" என்றார் மேனேஜர். நம்ம ஊரில் தூண்டில்காரர்கள் இவ்வளவு பேரா என்று பூரித்துப் போனேன். வேன்காரர் பொன்னுரங்கம், "அன்னிக்கு வண்டியெல்லாம் சாமிக்குப் போவுது சார்" என்றார். திருப்பதிக்குப் போகிறது போல என்று நினைத்தேன். இதற்கு நடுவே கலைமணி வேறு, "அண்ணனுக்குக் கால் முடியல, மாசி மகத்துக்கு எங்கப்பாவுக்கு நீங்கதான் கடற்கரையில திதி குடுக்கணும், மறந்துடாதீங்க" என்று தினம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தினம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது சுவரில் தொங்கிய நாள்காட்டி, நான் பார்த்தது கம்ப்யூட்டர். இரண்டிலும் இருப்பது ஒரே நிலாதான் என்பது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் கையில் ஒரு பை, என் கையில் ஒரு பை. "எங்க கெளம்பிட்டே?" என்றேன். "தேவனாம்பட்டினம். நீங்க?" "தேவனாம்பட்டினம்." "பரவால்லியே, நான் சொல்லாமலே எழுந்து குளிச்சு ரெடியா இருக்கீங்களே!" என்று அவள் சந்தோஷப்பட்டபோது நான் மஞ்சள் பனியனை வேட்டிக்குள் செருகி மறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லித்தானே ஆகவேண்டும், பஸ்ஸில் சொன்னேன். பரங்கிப்பேட்டை முக்கில் ஆரம்பித்து ஆலப்பாக்கம் வரைக்கும் திட்டினாள். அதன் பிறகு, "சரி, வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்ப முடியாது, மொதல்ல திதி, அப்புறம் உங்க கூத்து" என்று பெரிய மனசு பண்ணினாள். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவளுக்குக் கோபம் இல்லை.

தேவனாம்பட்டினத்தில் போய் இறங்கினால், ஐயையோ மச்சான், கடலே தெரியவில்லை! டிராக்டரில் ஒரு அம்மன், மினி லாரியில் ஒரு பெருமாள், தோளில் ஒரு முருகர் என்று எந்தெந்த ஊர் சாமியோ தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, மேளமும் வாணமும் ஜனமும் நெரிய, அதற்கு நடுவே மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பன்னிரண்டு அடிக் கோலோடு, மொத்தம் பதினோரு பேர் திருதிருவென்று நின்றார்கள். முப்பத்தொரு பேரில் அவ்வளவு பேர்தான் கூட்டத்தைப் பிளந்து வந்து சேர்ந்தவர்கள். நான்கு வருஷப் பழக்கம், ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. மன்றத்தில் 'ராட்சச சுறா' என்று மிரட்டுகிறவர் யார் என்று பார்த்தால், புதுச்சேரியில் பல் டாக்டராம், பெயர் சேரன், தண்ணீரில் கால் வைக்கவே யோசிக்கிறார். "நீங்கதான் கொடுவா மன்னனா?" என்று என் காலைத் தொட்டுவிட்டார். கலைமணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

அங்கே ஒரு போலீஸ்காரர் எங்களைக் கண்டதும், "வாலண்டியருங்களா? குச்சி கொண்ணாந்தது நல்லதாப் போச்சு, கயிறு பத்தல. இப்படி வரிசையா நில்லுங்க" என்று எங்கள் கோல்களையெல்லாம் குறுக்கே பிடிக்கச் சொல்லி, ஜனம் ஆழத்துக்குப் போகாமல் தடுக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார். எல்லாரும் அப்படியே வரிசையில் நின்றோம். "எப்படியோ தண்ணி ஓரத்துக்கு வந்துட்டோம் சார்" என்றார் காரைக்கால் டீச்சர் ஜான்சி. அந்தம்மா சும்மா இருந்திருக்கலாம். கிடைத்த சந்தில் ஒரு வீச்சு வீசிப் பார்க்கிறேன் என்று கோலைப் பின்னால் சுழற்ற, தூண்டில் முள் போய் ஒரு சாமி குடையின் குஞ்சலத்தில் மாட்ட, அந்தம்மா மீன்தான் என்று ரீலைச் சுற்ற, குடையும் குடை பிடித்தவரும் கூட்டத்தை விட்டு எங்கள் பக்கமாக நடந்து வர, எல்லாரும் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று நினைத்து கோவிந்தா போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள். அதை விடுவிக்கவே அரை மணி ஆயிற்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலைமணியும் சிரித்தாள்.

இப்போது தப்புக்கு வருகிறேன். சத்யப்பிரியா கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் டப்பாக்கள் நம் வீட்டில் ஒரே மாதிரி ஆறு இருக்கின்றன. ஒன்றில் கலைமணி தன் அப்பாவுக்கென்று எள் கலந்து பிசைந்த பச்சரிசி மாவு. இன்னொன்றில் நான் இரைக்காகப் பிசைந்த கோதுமை மாவு, அதில் சென்னாக்கூனி என்கிற காய்ந்த பொடி இறாலின் தூள் தாராளமாக. நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஐயர் முன்னால் உட்கார்ந்தபோது எந்த டப்பா எந்தப் பையில் இருந்தது என்பதை ஆண்டவன்தான் அறிவான். ஐயருக்கு ஜலதோஷம். கலைமணி மூக்கைச் சுளித்தாள், கடற்கரையில் கவிச்சி அடிக்காமல் என்ன என்று விட்டுவிட்டாள். "உருண்டை புடிங்கோ" என்றார் ஐயர். பிடித்தேன். நாலு வருஷமாகப் பிடிக்கிற கையல்லவா, கோலிக்குண்டு மாதிரி வந்தது. மாமாவை மனசார நினைத்து வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் காக்காய்கள் வந்து அடித்துக்கொண்டன பாருங்கள்! "இருவது வருஷ அனுபவத்துல இவ்வளவு சீக்கிரம் திருப்தியான பித்ருக்களை நான் பாக்கல" என்று ஐயரே எழுந்து நின்றுவிட்டார்.

அதே நேரத்தில் சேரன் டாக்டர் மற்ற டப்பாவைத் திறந்து, எள்ளும் மாவுமாக இருந்ததை, மன்னன் புது இரை கண்டுபிடித்திருக்கிறார் என்று முள்ளில் கோத்து வீசியிருக்கிறார். "தில்லை சார்! இழுக்குது!" என்று ஒரு அலறல். விரலில் தர்ப்பையோடு, ஈர வேட்டியோடு ஓடிப்போய்க் கோலை வாங்கினேன். மச்சான், அந்த இழுப்பு இருக்கிறதே! ரீல் கத்துகிறது, கோல் வில்லாய் வளைகிறது, ஆயிரம் பேர் கரையில் நின்று "விடாத, விடாத" என்கிறார்கள், இத்தனை வருஷத்தில் எனக்கு மாட்டிய முதல் பெரிய மீன், கொடுவாதான், சந்தேகமே இல்லை, பத்துக் கிலோவுக்குக் குறையாது! மன்னிக்கவும். திதி விஷயத்தில் இப்படி எழுதக் கூடாது. கலைமணியும் பின்னாலேயே ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்து, "அய்யோ, அது எங்கப்பாவுக்குப் பெசஞ்சது!" என்றாள். அப்போதுதான் டப்பா மாறியது எனக்கு உறைத்தது. சேரனிடம் கோலைக் கொடுத்தேன். அவர் பயத்தில் ரீலை இறுக்கினார். தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. திரும்பிப் பார்த்தால் கலைமணி இல்லை. ஈரப் புடவையோடு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறிவிட்டாள்.

தாங்கள் நம்பிக் கொடுத்த காரியத்தில் நான் கருவாட்டு வாசனையைக் கலந்துவிட்டேன். உங்கள் அப்பாவுக்கு வைத்ததை மீனுக்குப் போட்டுவிட்டேன். முறைப்படி என்ன பரிகாரமோ சொல்லுங்கள், செய்கிறேன். மன்றத்திலிருந்து விலகுவதாக நேற்றே எழுதிவிட்டேன். என்னிடம் இருந்த இரண்டு கோல்களையும், பெரியது ஒன்று சின்னது ஒன்று, கண்டக்டர் சாமிக்கண்ணு மூலம் இன்று காலைப் பஸ்ஸில் தங்களுக்கே அனுப்பிவிட்டேன். முறித்து அடுப்பில் வைத்தாலும் சரி, முருங்கைக்காய் பறித்தாலும் சரி. இந்த ஜென்மத்தில் நான் இனித் தூண்டிலைத் தொட மாட்டேன். வீட்டில் பேச்சுத் துணை இல்லை மச்சான். நேற்று உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய், பதில் வராததால் நின்றுவிட்டேன். அவளை அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் கால் சீக்கிரம் தேறி, தாங்கள் எழுந்து வந்து என்னை நேரில் திட்டும் நாளை எதிர்நோக்கும்,

தங்கள் கீழ்ப்படிந்துள்ள
அ. தில்லைநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கேட் சத்தம். கலைமணி! தங்களிடம் கடைவீதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாளாம், தேட வேண்டாம். நான் கடிதத்தை மறைப்பதற்குள் பிடுங்கி நின்றபடியே முழுதும் படித்தாள். "இதுக்கா நான் கோவிச்சிக்கிட்டுப் போனேன்?" என்றாள். "எங்கப்பாவுக்கு உசுரோட இருந்தப்பவே கருவாடு இல்லாம சோறு எறங்காது. மாவு மாறுனா மாறிட்டுப் போவுது. அவருக்கு வெச்சத வாயில வாங்கிக்கிட்டு மீனு அந்தப் பக்கத்துலேருந்து இழுக்குது, நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உங்க பக்கத்துல நிக்கிறேன். எங்கப்பாவே இழுக்கிற மாதிரி இருந்துச்சி எனக்கு. நீங்க என்னத் தாண்டி அந்தப் பல்லு டாக்டர் கையில குடுக்கிறீங்க. நாலு வருசமா ஞாயித்துக்கெழமையானா போறீங்களே, நீயும் வர்றியான்னு ஒரு நாள் கேட்டீங்களா?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது மச்சான். அவள் ரசத்தைக் கீழே கொட்டப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே எழுதியதில் எதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோல்களை முறித்துவிடாதீர்கள், சத்தியமாக முறித்துவிடாதீர்கள், சாமிக்கண்ணுவின் சாயங்கால டிரிப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமியார்பேட்டைக்குப் போகிறோம். பெரிய கோல் அவளுக்காம். நான் மாவு பிசைந்து கொடுத்தால் போதுமாம்.