பாரபின் பாயும் ஒரு துண்டும்

பீடி பற்றவைப்பதற்கு முன்பே ஒரு டவுன் பஸ்ஸைக் காலி செய்த மனிதர் நெல்லையில் ஒருவர்தான். எங்கள் பாரபின் பாய்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் கடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. மேலப்பாளையத்துக்காரர். கையும் காலும் வறண்டு, வெடித்து, அரிக்கும். தோல் டாக்டர் வெள்ளை பாரபின் களிம்பு கொடுத்திருந்தார். பாய் தடவுவார், தடவுவார், தடவிக்கொண்டே இருப்பார். வெடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் அவர் தொட்ட காகிதமெல்லாம் வடை வைத்துத் தின்றது போல இருக்கும்.

டாக்டர் ஓர் எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். களிம்பு ஊறிய துணியில் தீ பட்டால் குபீரென்று பிடிக்கும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. அன்றோடு பாய்க்கு நிம்மதி போயிற்று, எங்களுக்கும். ஊதுவத்தியைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பஸ்ஸில் ஒருவர் காதில் சொருகிய பீடியை எடுத்ததும் பாய் "தீ! தீ!" என்று அலறினார். முதலில் குதித்தவர் கண்டக்டர்.

"மண்ணெண்ணெயையா வே தடவுதீரு, இம்புட்டு பயப்படுதீரு?" என்பார் முதலாளி அண்ணாச்சி.

"அது வேற, இது வேற அண்ணாச்சி. மேலுக்கு நல்லதுதான். துணிய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ஒரு மத்தியானம், பின்கட்டு அடுப்பிலிருந்து டீச்சட்டியை இறக்க அண்ணாச்சி கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்தார். பாய் துவைத்துக் காயப்போட்டிருந்த துண்டு. நுனி நெருப்பில் பட்டதுதான் தெரியும். முழுத் துண்டும் எரிந்தது. அண்ணாச்சி உதறினார். அது காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்தது. நான் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

பின்கட்டு வாசலில் பாய். சட்டை முழுக்கக் களிம்பு.

"உள்ள வராதீரும் பாய்! வெளிய ஓடும் வே!" என்று கத்தினார் அண்ணாச்சி.

பாய் வெடவெடவென்று நடுங்கினார். ஆனால் ஓடவில்லை. வாசலில் நின்றபடியே அங்கிருந்த வாளித் தண்ணீரை வீசினார். பாதி தீயின் மேல், பாதி அண்ணாச்சி மேல். தீ அணைந்தது.

சொட்டச் சொட்ட நின்ற அண்ணாச்சியின் விரல்கள் சிவந்திருந்தன. "எரியுது வே. ஒம்ம களிம்ப கொஞ்சம் தடவும்."

"தீப்பட்ட ஒடனே இதத் தடவப்படாது அண்ணாச்சி. சூடு உள்ளயே நின்னுரும். மொதல்ல தண்ணியில காட்டுங்க, பொறவு டாக்டர்ட்ட போவோம்" என்று அவர் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார் பாய்.

வெகுநேரம் கழித்துத் தொட்டி காலியாகி, குழாய் நின்றது. பாய் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் கையை மட்டும் விடவில்லை.