சுடாத சாமி

மூன்றாம் சுற்றில் திலீபனின் விமானம் மறுபடியும் வெடித்துச் சிதறியது. காலையிலிருந்து இது எத்தனையாவது சாவு என்று எண்ணுவதையே அவன் விட்டுவிட்டான். கையிலிருந்த விளையாட்டுக் கருவியைத் தூக்கி எறியப் போனவன், அது கம்பெனிச் சொத்து என்பது ஞாபகம் வந்து மெதுவாக வைத்தான். பிறகு தலையணையை எடுத்து எறிந்தான்.

"தலகாணி உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றாள் காவியா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

"எனக்கு இதைச் செய்யத்தான் வருது காவியா. ஆட வரல."

செய்வதில் அவன் கெட்டிக்காரன்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பீரோ மாதிரி நின்றுகொண்டு, காசு போட்டால் ஓடிய சுடுகிற விளையாட்டு அது. அதன் ஜப்பான் பெயர் யார் வாயிலும் நுழையாததால் விருத்தாசலத்துப் பையன்கள் அதைப் 'பிளேன் மெசின்' என்றே சொன்னார்கள். அந்தப் பீரோவை அப்படியே உள்ளங்கைக்குள் அடக்குகிற இந்தக் காலத்துக் கருவிக்குக் கொண்டுவருவதுதான் அவனுடைய வேலை. ஆறு மாதமாக வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதி முடித்துவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு வந்தது வில்லங்கம். யாராவது ஒருவர் ஒரே காசில், கடைசிச் சுற்றுவரை ஆடி ஜெயித்த வீடியோவைப் பார்த்தால்தான் விளையாட்டுக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்களாம்.

வீடியோ இன்று சாயந்திரத்துக்குள் போக வேண்டும். போகவில்லையென்றால் திலீபன் திங்கட்கிழமையே சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் வேலை நடக்கும் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

காவியாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சேத்தியாத்தோப்புப் பள்ளிக்கூடத்திலிருந்து உள்ளூருக்கு மாற்றல் வாங்க அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த ஜூன் மாதம்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் விளக்கேற்றியிருக்கிறார்கள். அதற்குள் மறுபடி அவர் ஒரு ஊர், இவள் ஒரு ஊரா?

"எங்கண்ணனைக் கூப்பிடுங்க," என்றாள். "ஒத்தக் காசுல ஜெயிச்ச ஆளு."

அட, இது ஏன் முன்னமே தோன்றவில்லை! காவியாவின் அண்ணன் பிரபாகரன் பிளேன் மெசினை ஜெயித்த கதையைக் கேட்காத சொந்தக்காரன் ஒருத்தன் இருந்தால் அவன் காது கேளாதவனாக இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஒரு தடவை துக்க வீட்டில்கூட அந்தக் கதை ஓடியிருக்கிறது. சினிமாக் கொட்டகைக்கு எதிரில் இருந்த கடையில், கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கடைசி எதிரியைச் சுட்டு வீழ்த்தியதும் மெசினில் அவர் பெயர் பளிச்சிட்டதாம்.

திலீபன் போன் போட்டான். விஷயத்தைச் சொல்லாமல் அவசரம் என்று மட்டும் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வாசலில் பிரபாகரனின் குட்டி யானை வண்டி வந்து நின்றது. பின்னால் பீங்கான் பியூஸ் கேரியர்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. இறங்கியவரைப் பார்த்ததும் திலீபன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால், கழுத்தில் துளசி மணி.

"மச்சான், எப்ப மாலை போட்டீங்க?"

"கார்த்திகை பொறந்த அன்னிக்கே. மச்சான்னு கூப்பிடக் கூடாது. சாமி."

"சரிங்க சாமி. இந்தாங்க, நம்ம பிளேன் மெசினு. நீங்க ஒரு தடவை ஆடி ஜெயிச்சுட்டா எங்க குடும்பமே பொழைச்சுக்கும்."

பிரபாகரன் கருவியை எட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுல சுடணுமே சாமி."

"ஆமாங்க சாமி. எதிர்ல வரதை எல்லாம் சுட்டுத் தள்ளணும். உங்களுக்குச் சொல்லணுமா?"

"மாலை போட்டுக்கிட்டு உசுரைக் கொல்லலாமா? வூட்ல கொசுவைக்கூட அடிக்காம, பேசி அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

"ஐயோ சாமி, இது உசுரே இல்ல. வெறும் பிளேனு!"

"உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க. தலை தெரியுது."

தெரியத்தான் செய்தது. ஜப்பான்காரன் கடுகளவு தலையைக்கூட விடாமல் வரைந்து வைத்திருந்தான். திலீபன் கணினி முன் உட்கார்ந்து மடமடவென்று தலைகளை எல்லாம் அழித்தான். படத்தை எப்படி மாற்றினாலும் ஆட்டம் மாறாது. இவர் எந்தப் பித்தானை எப்போது அழுத்தினார் என்பது பதிவானால் போதும். அதன் மேல் பழைய படத்தைப் போட்டு வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

"இப்ப பாருங்க சாமி. ஆளே இல்ல. தானா ஓடுது."

பிரபாகரன் குனிந்து பார்த்தார். அவர் முகம் தெளியவில்லை.

"றெக்கையை விரிச்சுக்கிட்டு வருதே, கருடன் மாதிரி இல்ல? மலைக்குத் திருவாபரணப் பெட்டி போறப்போ மேல வட்டம் போடுற பட்சி சாமி அது. அதைப் போயி சுடச் சொல்றீங்களே!"

காவியா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திலீபன் பல்லைக் கடித்துக்கொண்டு றெக்கைகளை வெட்டினான். வெட்டி முடித்துப் பார்த்தால் திரையில் பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ இறங்கி வந்தது.

"என்னங்க இது, தேங்காய் மாதிரி இருக்குது!" என்று சிரித்தாள் காவியா.

திலீபன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். இத்தனை நேரம் அவன் படித்த படிப்புக்குத் தோன்றாதது, அவளுக்கு ஒரு சிரிப்பில் தோன்றிவிட்டது. குடுமி வைத்தான், மூன்று கண் வைத்தான். வெடித்தால் நெருப்புக்குப் பதில் வெள்ளைச் சில்லாகத் தெறிக்கும்படி செய்தான். விருத்தாசலத்தின் ஆகாயத்தில் சிதறுதேங்காய்ப் படை ஒன்று தயாரானது.

"சாமி, சிதறுகாய் எத்தனை வேணாலும் ஒடைக்கலாம்ல?"

பிரபாகரன் தாடியைத் தடவினார். மேலே பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"ஒடைக்கலாம்தான். ஆனா வூட்ல கருவாட்டு வாசம் அடிக்குதே சாமி."

காலையில் வைத்த குழம்பு! காவியா சட்டியோடு கொல்லைக்கு ஓடினாள். திலீபன் குடம் குடமாகத் தண்ணீர் அடித்து வீட்டைக் கழுவினான். அவசரத்தில் ஒரு குடம், தரையில் கிடந்த பிளக் பெட்டி மேலேயே கவிழ்ந்தது. பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கரண்ட் போய்விட்டது. பியூஸ் கேரியர் இரண்டாக உடைந்து கிடந்தது. ஊர் பூராவும் சூளை வைத்து இந்தச் சாமானைத்தான் செய்து அனுப்புகிறார்கள். இவன் வீட்டில் மாற்று ஒன்று கிடையாது. கடைசியில் பிரபாகரனின் வண்டியிலிருந்தே ஒரு பெட்டியைப் பிரித்தார்கள்.

கரண்ட் வந்ததும் திலீபன் கருவியை இரண்டு கையாலும் நீட்டினான். "ஆரம்பிங்க சாமி."

"தனியா ஒடைக்கற வழக்கம் இல்ல சாமி. கூட நாலு சாமிங்க நின்னு சரணம் சொல்லணும்."

போன் போட்ட வேகத்தில் சாமிகள் வந்து சேர்ந்தார்கள். வந்த சாமிகளைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? காவியா அரிசி களைந்தாள். கைக்கு உதவியாகப் பிரபாகரனின் மனைவி நீலாவதி, வீட்டிலிருந்து பெரிய குண்டானைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே போகிற போக்கில் கூடத்தைப் பார்த்து, "இன்னுமா ஆரம்பிக்கல?" என்று மட்டும் கேட்டாள். பிரபாகரன் சுவரைப் பார்த்தார்.

திலீபன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான். சென்னையிலிருந்து மேலதிகாரி போன் செய்தார்.

"திலீபன், என்ன அங்க ஒரே சத்தமா இருக்கு?"

"டெஸ்டிங் டீம் வந்திருக்காங்க சார்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு வழியாகப் பிரபாகரன் கருவியைக் கையில் வாங்கினார். சாமிகள் சூழ்ந்து நின்று சரணம் சொன்னார்கள். முதல் தேங்காய் இறங்கி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பித்தானை அழுத்தினார். படீர் என்று தேங்காய் வெடித்தது. வெள்ளைச் சில் தெறித்தது. கூடவே உள்ளேயிருந்து குபுக்கென்று கறுப்பாக ஒரு புகையும் வந்தது. அந்தப் புகையை மாற்ற மறந்துவிட்டான் பாவி திலீபன்.

"அழுகல்!" என்று அலறினார் ஒரு சாமி.

சரணம் பாதியில் நின்றது. யாத்திரைக்கு முன்னால் உடைத்த முதல் காய் அழுகல் என்றால் சும்மா விஷயமா? முதல் தடவை மாலை போட்டிருந்த செந்தமிழன் சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரபாகரன் கருவியைக் கீழே வைத்த வேகத்தைப் பார்த்தால், அவருக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் போலிருந்தது.

"குருசாமியைக் கேக்காம இதுக்கு மேல ஒரு காய் தொட மாட்டேன்," என்றார்.

குருசாமி சாமிதுரை சிமெண்டுக் கடையைப் பூட்டிவிட்டு மொபெட்டில் வந்தார். நடந்ததை ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அழுகல் கெடக்கட்டும். பிளேன் விளையாட்டுல தேங்காய் எதுக்கு சாமி வந்துச்சு?"

"மாலை போட்டுக்கிட்டுச் சுடக் கூடாதுன்னு பிரபாகரன் சாமி சொன்னாங்க," என்றான் திலீபன்.

குருசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாம மாலை போட்டிருக்கற சாமியோட கையில என்ன இருக்குது? வில்லும் அம்பும். எருமேலில போயி நாம ஆடுற பேட்டை துள்ளல் என்ன? வேட்டைக்குக் கெளம்புற ஆட்டம். படத்துல வர பிளேனைச் சுட்டா என்ன பாவம் வந்துடப் போவுது? தேங்காயை எல்லாம் எடுத்துட்டு, உள்ளது உள்ளபடி குடுங்க. சாமி நல்லா சுடட்டும்."

திலீபன் அப்படியே அவர் காலில் விழுந்தான். எழுந்த கையோடு பழைய விமானங்களைத் திரும்பப் போட்டான். றெக்கை, தலை, நெருப்பு எல்லாம் வந்துவிட்டன. ஆடி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும்; சாயந்திரம் ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. இனி சொல்வதற்குப் பிரபாகரனிடம் ஒரு சாக்கும் இல்லை.

அவர் ஆடினார். வந்த முதல் விமானமே அவரை இடித்தது. செத்தார்.

"பித்தான் வேற மாதிரி இருக்குது," என்றார்.

மறுபடி ஆடினார். மறுபடி செத்தார். அந்தக் காலத்தில் நின்றுகொண்டே ஆடியதாகச் சொல்லி எழுந்து நின்றார். நின்றபடி செத்தார். வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் இன்னும் சீக்கிரமாகச் செத்தார். முதல் சுற்றில் பாதிகூடத் தாண்டவில்லை. சாமிகளின் சரணச் சத்தம் ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிரபாகரனின் தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. யார் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

திலீபனுக்குக் கோபம்கூட வரவில்லை. அலமாரி மேலிருந்த பெரிய பையை எடுத்துத் தூசி தட்டினான். அதைப் பார்த்ததும் காவியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தனை பேரு கால்ல விழுந்து இந்த ஊருக்கு வந்தேன்," என்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மறுபடி தனியாத்தான் இருக்கணுமா நான்?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த நீலாவதி அவளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிரபாகரன் தலையை லேசாக, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்பது போல ஆட்டினார். அவள் கரண்டியைக் குண்டானுக்குள் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்த கருவியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அது கஷ்டமுங்க," என்றான் திலீபன்.

அவள் ஆட்டத்தைத் தொடங்கினாள். கட்டைவிரல் இரண்டும் தறியில் ஓடுகிற நாடா மாதிரி ஓடின. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று முடிந்தது. திலீபன் பையைக் கீழே போட்டான். காலையிலிருந்து அவனை அலைக்கழித்த மூன்றாம் சுற்றை அவள், காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற முகத்தோடு தாண்டிப் போனாள். குருசாமி வாயைத் திறந்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா," என்றான் திலீபன். "நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

நீலாவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த மெசினு எங்கப்பா கடையிலதான் தம்பி இருந்துச்சு. பொட்டப்புள்ள ஆடுனான்னு தெரிஞ்சா அடிப்பாருன்னு, ஜெயிச்ச அன்னிக்கு, வேற ஆளில்லாத நேரத்துல பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த இவரு பேரைப் போட்டுட்டு ஓடிட்டேன். அந்தப் பேரைக் காப்பாத்தத்தான் உங்க மச்சான் காலையிலருந்து இவ்வளவு பாடு படுறாரு."