என் காரும் வெர்னாவின் டேங்கும்

என் கார்வெட் காரின் ஸ்டியரிங்கை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். இயற்றியவன் நான். மனைவி வெர்னா எதிர்த்து வாக்களித்தாள். அந்த வாக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தவனும் நானே.

அறுபத்தேழாம் வருடத்து வண்டி. தொழிற்சாலையிலேயே பெரிய என்ஜின் பொருத்திய அபூர்வ ரகம். ஆனால் எங்கள் ஒஹாயோவில், சாதாரண வண்டியில் பெரிய என்ஜினை மாட்டிவிட்டு 'அபூர்வம்' என்று சொல்லித் திரிகிறவர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. சான்று காட்டாவிட்டால் நடுவர்கள் என் காரையும் போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். பிறகு கார் சங்கத்துக்குள் எந்த முகத்தோடு நுழைவது?

அந்தக் காலத்தில், எந்தெந்தப் பாகம் மாட்டியது என்று அச்சடித்த தாளைத் தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்கின் தலையிலேயே ஒட்டிவிடுவார்கள். அதுதான் சான்று. சனிக்கிழமை காலை காருக்கடியில் படுத்து டேங்கைக் கழற்றினேன். தலை மொட்டை.

"என்ன எல்டன், அடியிலயே குடித்தனமா?" வெர்னாவின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"தாளைக் காணோம். இது வேற டேங்க். காரை எனக்கு முன்னாடி வச்சிருந்த ஹஃப் மாத்தியிருக்கார்."

"அவர்தான் போய்ச் சேந்துட்டாரே. அவர் பொண்டாட்டி டிலைலாவைக் கேட்டியா?"

"போன் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன். பேப்பர் எதுவும் இல்லையாம்."

"பேப்பரையா கேட்ட?"

"பின்னே? சமையல் குறிப்பையா கேப்பாங்க?"

"நான் ஒரு நடை போய்ப் பாக்கட்டா?"

"இது சரித்திர ஆராய்ச்சி, வெர்னா. செர்ரி பை பலகாரம் சுடற சமாச்சாரம் இல்ல."

அவள் செர்ரி பை சுட்டாள். டிலைலா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு துருப்பிடித்த டேங்கோடு திரும்பி வந்தாள். டேங்கின் மேல் ஒரு கம்பளம். கம்பளம் முழுக்கக் கோழி எச்சம்.

"பேப்பர் இருக்கான்னு கேட்டா இல்லம்பாங்க. நான் பழைய டேங்க் எங்கேன்னு கேட்டேன். ஹஃப் எதையும் தூக்கிப் போட மாட்டாராம். கோழிக்கூண்டுல போட்டு, கோழிங்களுக்குக் குளிரக்கூடாதுன்னு கம்பளமும் விரிச்சிருக்கார் மனுஷன்."

கம்பளத்தை மெல்ல உரித்தேன். தாள்! பழுப்பேறியிருந்தது. ஆனால் என் காரின் எண் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே என் என்ஜின். வாசலிலேயே மண்டியிட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கோழி நாற்றமும் ஒரு காரணம்.

"வெர்னா, நீ என் மானத்தைக் காப்பாத்திட்ட! இந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பேன்?"

"பை யாரு சுட்டது?"

"நீதான்."

"செர்ரி பைக்கு மாத்தா டேங்கை யாருக்குக் குடுத்தாங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப டேங்க் என்னுது. ஒட்டியிருக்கற தாளும் என்னுது. நாளைக்கு இரவல் தர்றேன். கார் சாவியைக் குடு."

கொடுத்தேன். மனதார, நன்றியோடுதான் கொடுத்தேன். மறுநாள் நடுவர்கள் முதல் பரிசான நீல ரிப்பனும் தந்தார்கள்.

கார்வெட்டில் இரண்டே இருக்கை. போகும்போது ஒன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெர்னா. மற்றதில் பெல்ட் போட்டுக்கொண்டு டேங்க். கண்காட்சிக்கு நான் பிக்கப்பில் பின்னாலேயே போனேன்.