கோதண்டராமன் பென்டிரைவ் செருகிய படலம்

குனிந்தால் குத்தும், நிமிர்ந்தால் இழுக்கும், தும்மினால் உயிரையே உருவியெடுக்கும் முதுகுவலியை முப்பதாண்டு நெல்மூட்டைகளுக்குப் பரிசாகப் பெற்ற மாவீரன், அரிசி மில் லோடுமேன், பழைய கார் வாங்கிய புது முதலாளி, கோதண்டராமன் வாழ்க! அவன் முதுகு வாழ்க! அந்த முதுகைச் சீட்டில் சாய்த்து ஒரு பாட்டுக் கேட்டுவிட்டால் மூட்டை தூக்கிய காலமெல்லாம் அழிந்துபோகும் என்று நம்பிய அவன் மூளையும், இருக்கிற மட்டும், வாழ்க!

ஆறு கை மாறி ஏழாவதாக இவன் தலையில் வந்து விழுந்த அந்த இரும்புத் தேர், அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தின் எதிரே சாமந்தி மாலை பூண்டு, சந்தன குங்குமம் தரித்து, நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு பகைவரென நசுக்கிப் புறப்பட்டது. பின்சீட்டில், சிரிப்பென்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அவன் மனைவி சரசு. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கார் வாங்கியவனோடு நாலு நாள் பேசாதிருந்தவள், மலையை ஒரு சுற்றுச் சுற்றிவர மட்டும் இசைந்திருந்தாள். அதற்கும் ஓர் ஆணை பிறப்பித்திருந்தாள்.

"மொத மொத சாமிப் பாட்டுதான் பாடணும். வேற எதுனா கத்துச்சு, அங்கியே எறங்கிடுவேன். அப்புறம் இந்த வண்டிய நீயே கட்டிக்கினு அழு."

சொன்னால் செய்வாள். இறங்கினாளானால் இந்தப் பிறவியில் மறுபடி ஏறமாட்டாள், பேசவும் மாட்டாள். அதை அறிந்தும் நம் வீரன் நெஞ்சை நிமிர்த்தி, வலித்ததும் மடக்கிக்கொண்டு, முழங்கினான்: "ஆயிரம் பாட்டு! ஒண்ணொண்ணா நானே செலக்ட் பண்ணி ஏத்தினது!"

பொய். அது மைக்செட் அப்பாதுரையிடம் காலையில் கெஞ்சி வாங்கிவந்த பென்டிரைவ். அப்பாதுரையின் பிழைப்பு முழுவதும் அந்தச் சுண்டுவிரல் நீளத்துக்குள் அடக்கம். கூழ் ஊற்றினாலும் அதுதான், காது குத்தினாலும் அதுதான், கட்டை சாய்ந்தாலும் அதுதான். அதில் கடைசியாக என்ன ஓடியது என்று கேட்கும் அறிவு நம் தலைவனுக்கு இருந்திருந்தால் இந்தக் காவியமே பிறந்திராது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டியதும், தேரை ஓரங்கட்டி, பென்டிரைவ் என்னும் வேலெடுத்தான் வீரன். பொந்தில் செருகினான். நீல விளக்கு இமைத்தது. தப்பட்டை இடித்தது, ஊதுகுழல் ஊளையிட்டது, ஒருவன் செத்தவனின் நற்குணங்களை வரிசையாகச் சொல்லி மாரடித்து அழத் தொடங்கினான்.

சாவு வீட்டுப் பாட்டு. புது வண்டியில். பூஜை போட்ட கையோடு.

சரசு கதவைத் திறந்தாள். இறங்கினாள். மலையைப் பார்த்து நடந்தாள்.

பதறிய வீரன் சத்தத்தைக் குறைக்கத் திருகினான். திருகு கையோடு வந்தது. பொத்தான்களைக் குத்தினான், புறமுதுகிடாப் படைபோல் அவை அசையாது நின்றன. இன்ஜினை அணைக்கலாமென்றால், அணைத்த தேரை மறுபடி எழுப்ப நாலு ஆள் தள்ளவேண்டும். பிடுங்கலாமென்றால் சிக்கிக்கொண்டது, பலங்கொண்டு பிடுங்கினால் அப்பாதுரையின் பிழைப்பு போச்சு. ஆகவே யானைப்படை போல் மெல்ல, முதல் கியரில், ஒப்பாரி முழங்க, மனைவியின் பின்னே ஊர்ந்தான்.

ஊர் பார்த்தது. மாலை போட்ட கார், முன்னே முடியவிழ்ந்து நடக்கும் பெண், உள்ளே மாரடிப்பு. வேறென்ன நினைக்கும்? டீ குடித்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் கண்மூடிக் கைகுவித்தார். பூக்காரி ஒரு பிடி உதிரிப்பூவைப் பானட்டின்மேல் வீசிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துண்டுக்காரன் சரசுவின் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "யாரும்மா தவறிட்டாங்க?" என்றான்.

சரசு நின்றாள். திரும்பிக் காரைப் பார்த்தாள். உள்ளே வியர்த்து வழியும் கணவனைப் பார்த்தாள்.

"நான்தான்யா. இந்தாளக் கட்டிக்கினு அன்னிக்கே போயிட்டேன். இப்பதான் எடுக்கறாங்க."

டீக்கடை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. பகைவர் ஆயிரவர் எய்த அம்பெனத் தைத்தது அச்சிரிப்பு. மூட்டைக்கு அஞ்சாதவன், மேஸ்திரிக்கு அஞ்சாதவன், அந்தச் சிரிப்புக்கு அஞ்சினான். "ஏ பென்டிரைவே! அப்பாதுரை பெற்றெடுத்த அற்பமே! ஒழிந்தாய் இன்று!" என்று கர்ச்சித்து, இரண்டு கையாலும் பற்றி, முப்பதாண்டு நெல்மூட்டை வலுவைத் திரட்டி இழுத்தான். இரண்டு முறிவுச் சத்தம் கேட்டது. ஒன்று முதுகில். மற்றது கையில், பாதி விரலிடுக்கிலும் பாதி பொந்துக்குள்ளுமாக அந்த அற்பம் மாண்டது.

அமைதி. மலையடிவாரத்துக் காற்று மட்டும்.

சரசு சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கைச் சிந்துவதுபோல் முந்தானையால் மறைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"இப்பதான் காதுக்கு நல்லாகீது. மூடிக்கினு ஓட்டு."

பாட்டில்லாத தேரில், பெண்டாட்டி ஏறிய ஒரே காரணத்தால் மூவுலகும் வென்றவனாய்த் தன்னைக் கருதிக்கொண்டு, உடைந்த முதுகோடும் உடையாத திமிரோடும், ஹாரன் முழங்க, தன்னை எவனோ மதிப்பதாகக் கற்பனை செய்தபடி, அண்ணாமலையை வலம்வரச் சென்றான் மாவீரன் கோதண்டராமன்.

அப்பாதுரைக்கு ஒரு பென்டிரைவ் தரணும்.